ரிபப்ளிக்கன்னா போரை ஆதரிக்கணும்னு இருக்கா? பக்கத்து வீட்டு மரீன் சொன்னதுல குழம்பிப் போயிருக்கேன்

வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அமெரிக்காவுல நார்த் கரோலினா மாநிலத்துல ஜாக்சன்வில்லுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. பக்கத்துலயே கேம்ப் லெஜ்யூன், மரீன்கள்ங்கற படைப்பிரிவோட பெரிய பேஸ், ஊரே அதை வெச்சுத்தான் ஓடுது. ராத்திரி பீரங்கிப் பயிற்சி நடந்தா எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும், வந்த புதுசுல தூக்கமே இல்ல, இப்ப பழகிடுச்சு.

பக்கத்து வீட்டுல ரிட்டயர்ட் மரீன் ஒருத்தர் இருக்காரு. 2004 நவம்பர்ல ஈராக்ல நடந்த ஃபலூஜா சண்டைல இருந்தவரு. காலைல வாசல்ல கொடி ஏத்துவாரு, பொழுது சாயறதுக்குள்ள இறக்கி மடிச்சு உள்ள கொண்டு போயிடுவாரு, திடீர்னு மழை வந்தா முதல்ல கொடி, அப்புறம்தான் காயப் போட்ட துணி. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச். ஓட்டு எப்பவும் ரிபப்ளிக்கன் கட்சிக்குத்தான், அதை மறைக்கவும் மாட்டாரு.

என் பையனுக்கு 17 வயசு. போன மாசம் மரீன்ல சேரப் போறேன்னு ரெக்ரூட்டர் (படைக்கு ஆள் சேர்க்கறவர்) கொடுத்த பேப்பரை சாப்பாட்டு மேசை மேல வெச்சுட்டான். 18 ஆகலைங்கறதால எங்க கையெழுத்து வேணுமாம். எனக்கு அடிவயிறே கலங்கிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரர் எப்படியும் பையன் பக்கம்தான் பேசுவாருன்னு நினைச்சு அவர்கிட்டயே போய்க் கேட்டேன், அவரு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "ஈராக்குக்கு எங்களை அனுப்பியிருக்கவே கூடாது, அந்தப் போரே தப்பு, ஆனா மரீனா இருந்ததுக்கு நான் ஒரு நாள் கூட வருத்தப்பட்டதில்ல"ன்னாரு.

எனக்குப் புரியல. போரை ஆரம்பிச்சது அவரு ஓட்டுப் போட்ட கட்சி. கன்சர்வேடிவ், அதாவது பழமைவாதின்னா பட்டாளம், கொடி, போர் எல்லாம் ஒண்ணாத்தான் வரும்னு நினைச்சிருந்தேன். போர் தப்புன்னு சொல்ற கன்சர்வேடிவ் நிறைய பேர் இருக்காங்களா, இல்ல இவரு மட்டும்தான் இப்படியா? இங்க ரொம்ப வருஷமா இருக்கறவங்க சொல்லுங்க.

பழைய_பேப்பர்

அக்கா, நீங்க இருக்கற ஊர்லயே இதுக்குப் பதில் இருக்கு. உங்க ஏரியாவுக்கு 1995-ல இருந்து சாகற வரைக்கும் காங்கிரஸ்ல, அதாவது இங்கத்த பார்லிமென்ட்ல, உறுப்பினரா இருந்தவர் வால்டர் ஜோன்ஸ். ரிபப்ளிக்கன், தீவிர கன்சர்வேடிவ், கேம்ப் லெஜ்யூன் அவரு தொகுதிக்குள்ளதான்.

2003 மார்ச்ல ஈராக் போரை பிரான்ஸ் எதிர்த்தப்ப, காங்கிரஸ் கேன்டீன்ல 'ப்ரெஞ்ச் ஃப்ரைஸ்'ங்கற பேரையே எடுத்துட்டு 'ஃப்ரீடம் ஃப்ரைஸ்'னு மாத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? அதைச் செஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்த ஜோன்ஸ்தான். 2002 அக்டோபர்ல போருக்கு அனுமதி கொடுத்த தீர்மானத்துக்கும் ஆதரவா ஓட்டுப் போட்டவரு.

போர் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே லெஜ்யூன்ல ஒரு மரீனோட இறுதிச் சடங்குக்குப் போனாரு. அந்தப் பையன் போருக்குப் போனப்புறம்தான் அவனுக்கு ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கு, முகத்தைக் கூடப் பாக்கல. அவன் எழுதின கடைசி லெட்டரை அவன் பொண்டாட்டி எல்லார் முன்னாடியும் நின்னு வாசிச்சிருக்கா. ஜோன்ஸ் அன்னைக்கு வீடு திரும்பற வழியெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டு வந்ததா அப்புறம் பல தடவை சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் செத்த ஒவ்வொருத்தர் குடும்பத்துக்கும் லெட்டர் அனுப்ப ஆரம்பிச்சாரு. ஈராக், ஆப்கானிஸ்தான் ரெண்டும் சேர்த்து 11,000 லெட்டருக்கு மேல, எல்லாத்துலயும் அவரே உக்காந்து கையெழுத்துப் போட்டது. தப்பா ஓட்டுப் போட்டதுக்கு கடவுள்கிட்ட மன்னிப்புக் கேக்கறதா அதைச் சொல்லுவாரு. லெஜ்யூன்ல இருந்து போய் செத்தவங்க போட்டோவை வாஷிங்டன்ல தன் ஆபீஸுக்கு வெளிய வரிசையா வெச்சிருந்தாரு, அந்தப் பக்கம் நடக்கற எவனும் அந்த முகங்களைத் தாண்டித்தான் போகணும்.

இதெல்லாம் சும்மா வருத்தப்பட்டதோட நிக்கல. அணு ஆயுதம், ரசாயன ஆயுதம்னு சொல்லிப் போருக்குப் போனாங்க, அங்க போய்த் தேடினா அப்படி எந்தக் கிடங்கும் இல்ல. 2005-ல படையைத் திரும்பக் கூப்பிட தேதி குறிங்கன்னு தீர்மானம் கொண்டு வந்தவங்கள்ல இவரும் ஒருத்தர். கட்சிக்குள்ள அவரு மேல செம கோவம், 2008 பிரைமரில (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற தேர்தல்) போரை ஆதரிச்ச ஒருத்தர் எதிர்த்து நின்னாரு. மரீன் குடும்பங்க நெறைஞ்ச தொகுதி அக்கா அது, தோத்துடுவாருன்னுதான் நிறைய பேர் நினைச்சாங்க, ஆனா நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சாரு. 2019 பிப்ரவரில சாகற வரைக்கும் அந்தத் தொகுதி அவரைக் கைவிடவே இல்ல. உங்க பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆளுங்க நிறைய பேர் இல்லாம இது நடந்திருக்காது. போரோட கணக்கு டிவில வரும்போது அது நம்பர்தான், அவங்களுக்கு அது தெருக்கோடி வீடு.

டல்லாஸ்_முருகேசன்

மேல தம்பி சொன்னது சரி, ஆனா ஜோன்ஸ் ஒருத்தரோட முடியற கதை இல்ல இது. அடுத்த நாட்டுச் சண்டை நமக்கு எதுக்குங்கறது அமெரிக்க கன்சர்வேடிவ்கள்ல பழைய குரல். ரெண்டாம் உலகப் போருக்குள்ள போகக் கூடாதுன்னு ஜப்பான் பெர்ல் ஹார்பரைத் தாக்கற வரைக்கும் நின்னவர் ராபர்ட் டாஃப்ட், அந்தக் காலத்து ரிபப்ளிக்கன் பெருந்தலை. அப்புறம் கம்யூனிச பயம் வந்தப்ப அந்தக் குரல் அடங்கிப் போச்சு. வியட்நாம் சமயத்துல போரை எதிர்க்கறவன்னா முடி வளர்த்த காலேஜ் பையன், ஆதரிக்கறவன்னா கொடி பிடிச்ச தொழிலாளின்னு ரெண்டாப் பிரிஞ்சுது. 1970 மே 8-ம் தேதி நியூயார்க்ல கட்டடத் தொழிலாளிங்க போருக்கு எதிரா ஊர்வலம் போன மாணவர்களை அடிச்சு விரட்டினாங்க. அந்தப் பிரிவினைதான் இன்னிக்கு வரைக்கும் நம்ம மண்டைல ஓடுது, நீங்க குழம்பினதும் அதனாலதான்.

ஈராக் தீர்மானத்துக்கு எதிரா கீழ்சபைல ஓட்டுப் போட்ட ரிபப்ளிக்கன் ஆறே பேர், செனட்ல ஒரே ஒருத்தர். அந்த ஆறுல எங்க டெக்சாஸ் ரான் பாலும் உண்டு, அவரு ஏர்ஃபோர்ஸ்ல டாக்டரா இருந்தவரு. அன்னைக்கு அவங்களைத் தேசத்துரோகி கணக்காத்தான் பேசினாங்க. ஆனா 2016 பிப்ரவரில சவுத் கரோலினாவுல கட்சி வேட்பாளர்கள் விவாத மேடைல ட்ரம்ப் ஈராக் போர் பெரிய தப்புன்னு நேராச் சொன்னாரு, பட்டாளத்துக்காரங்க நெறைஞ்ச மாநிலம் அது, ஒரு வாரம் கழிச்சு அங்க நடந்த பிரைமரில அவருதான் ஜெயிச்சாரு. அவரு மத்த அரசியல் எனக்கு ஒத்து வராது, ஆனா கட்சிக்காரனே அந்தப் போர் மேல எவ்வளவு வெறுத்துப் போயிருந்தான்னு அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது.

எட்டு_வருஷ_பட்டாளம்

அக்கா, நான் ஆர்மில இருந்தவன். ஸ்டூடண்ட் விசால வந்து, கிரீன் கார்டு கூட இல்லாம சேர்ந்தேன். 2009-ல மேவ்னின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அவங்களுக்குத் தேவையான மொழி தெரிஞ்சா போதும், அந்த லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு. 2016-ல அதை நிறுத்திட்டாங்க. எனக்குக் குடியுரிமை கிடைச்சதே அதுலதான், அந்த நன்றி எனக்கு சாகற வரைக்கும் இருக்கும்.

நான் மேல சொன்னவங்க கூட முழுசா ஒத்துப் போகல. போர்ல இருக்கும்போது, ஊர்ல எல்லாரும் இது வீண் போர்னு பேசறாங்கன்னு கேட்டா எப்படி இருக்கும் தெரியுமா? கூட இருந்தவன் செத்திருப்பான், அவன் எதுக்குச் செத்தான்னு நெஞ்சை அடைக்கும். அதனால சண்டை நடக்கறப்ப ஒரே குரலா நிக்கணும்னு சொல்றவங்களை நான் முட்டாள்னு சொல்ல மாட்டேன், அவங்க பாசத்துல சொல்றாங்க.

ஆனா ஒண்ணு. நாங்க வலது கையைத் தூக்கி சத்தியம் பண்ணது முதல்ல அரசியல் சட்டத்துக்கு. ஜனாதிபதி உத்தரவுக்குக் கீழ்ப்படிவேன்னு அதுக்கப்புறம்தான் வரும், அதிகாரிகளோட சத்தியத்துல அந்த வரியே கிடையாது. போகலாமா வேணாமான்னு முடிவு பண்றது சிவிலியன் வேலை, சிப்பாய் வேலை இல்ல. அப்ப கேள்வி கேக்கறதும் சிவிலியன் வேலைதானே? இந்த நாட்டுல இப்ப பட்டாளத்துல இருக்கறவங்க நூத்துல ஒருத்தர் கூட இல்ல, 1973-ல கட்டாய சேர்ப்பை நிறுத்தினப்புறம் யாரோ பெத்த பிள்ளைங்கதான் போறாங்க. ஏர்போர்ட்ல கை குலுக்கி நன்றி சொல்றவங்களை நான் குறை சொல்லல. ஆனா நாங்க எதுக்குப் போறோம்னு எங்களுக்காகக் கேட்ட ஒருத்தன்கூட என் கண்ணுல படலைங்கறது இன்னும் வலிக்குது. உங்க பக்கத்து வீட்டு ஐயா சொன்ன ரெண்டும் ஒரே மனசுல இருந்து வரும் அக்கா, எனக்கு அது புரியுது.

கொலம்பஸ்_அம்மா

மீதி அரசியலை அவங்க பேசட்டும்மா, நான் பேப்பரைப் பத்தி சொல்றேன், என் அக்கா பையன் சேர்ந்தப்ப கூட இருந்து பாத்தேன். ரெக்ரூட்டர் நாலு வருஷம்னு சொன்னாலும் ஒப்பந்தத்துல மொத்தம் எட்டு வருஷம்னு இருக்கும், நாலு வருஷம் முழுநேர வேலை, மீதி ரிசர்வ் கணக்கு, தேவைன்னா திரும்பக் கூப்பிடலாம். ஈராக் சமயத்துல ஒப்பந்தம் முடிஞ்சவங்களையே 'ஸ்டாப் லாஸ்'னு சொல்லி வெளிய விடாம நிறுத்தி வெச்சாங்க, அதுல ரொம்பப் பேர் ஆர்மிக்காரங்க. வாயால சொன்ன எதையும் நம்பாதீங்க, எந்த வேலைன்னு பேப்பர்ல எழுத்துல இருக்கான்னு பாருங்க. பையன் ஆசையை அசிங்கப்படுத்தவும் செய்யாதீங்க. 18 ஆனா உங்க கையெழுத்தே தேவையில்ல, அப்ப அவன் சொல்லாமப் போயிடக் கூடாது.

வைகைக்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வால்டர் ஜோன்ஸ் பேரை நேத்து பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். ஒண்ணும் சொல்லாம எழுந்து உள்ள போனாரு, ஒரு கவரை எடுத்துட்டு வந்தாரு. அவரு கூட இருந்து ஃபலூஜாவுல செத்துப் போன பையனோட அம்மாவுக்கு வந்த லெட்டராம், அந்த அம்மா கண்ணை மூடறதுக்கு முன்னாடி இவர்கிட்ட கொடுத்து வெச்சிருக்காங்க. அடியில நீல மையில கையெழுத்து. நான் கவர்மேல கை படாமத்தான் பாத்தேன்.

இங்க ஹைவே 24-ல பேஸ் வேலி ஓரமா, திரும்பி வர்ற மரீன்களுக்காக வீட்டுக்காரங்க படுக்கை விரிப்புல பெயிண்ட்ல எழுதிக் கட்டியிருப்பாங்க. 'அப்பா, உன் பொண்ணுக்கு இப்ப ரெண்டு பல்லு'ன்னு ஒண்ணு போன வாரம் பாத்தேன். நாலு வருஷமா அந்த ரோட்டுலதான் காய்கறி வாங்கப் போறேன், இப்பதான் ஒவ்வொண்ணா நிறுத்தி வாசிக்கறேன்.

பேப்பர்ல இன்னும் கையெழுத்துப் போடல. சனிக்கிழமை பையனும் நாங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் உக்காந்து பேசறதா இருக்கு. எட்டு வருஷ தம்பி, முடிஞ்சா அன்னைக்கு போன்ல என் பையன்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேசுவீங்களா?

எட்டு_வருஷ_பட்டாளம்

கண்டிப்பா அக்கா. பத்து நிமிஷம் எதுக்கு, அவன் கேக்கற வரைக்கும் பேசறேன். நம்பரைத் தனி மெசேஜ்ல அனுப்புங்க.