போன் திரையில் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டலாமா, வேண்டாமா? கையாண்டு பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஒட்டுங்கள். விழுந்து உடைவதைவிட மணலுக்காகவே ஒட்ட வேண்டும். பித்தளைச் சாவியும் சில்லறையும் இன்றைய போன் கண்ணாடியைக் கீறுவது அரிது. கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 6 உள்ள பொருள் பட்டால் அந்தக் கண்ணாடியில் கீறல் விழத் தொடங்கும், 7 என்றால் ஆழமாகவே பதியும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. பேன்ட் பாக்கெட்டின் அடியில் தங்கிய நாலு மண்துகள் போதும். கடற்கரை போய்வந்த போனைச் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள். முதலில் மண்ணைத் தட்டிவிட்டு அப்புறம் துடையுங்கள்.

அட்டையில் ‘9ஹெச்’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, மோஸ் 9 இல்லை. மலிவான கிளாஸின் அட்டையிலும் அதேதான் அச்சடித்திருக்கும்.

—

மேலே எழுதியவர் சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். “கிளாஸ்தான் உடைந்தது, டிஸ்பிளே தப்பியது” என்று எல்லோரும் சொல்வார்கள். ஒட்டும் கிளாஸ் 0.3 மி.மீ. அளவே இருக்கும், போன் கண்ணாடி தாங்கிவிடும் அடியிலும் அது விரிசல் விடும். ஆகவே அது உடைந்ததால்தான் டிஸ்பிளே பிழைத்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூலை தரையில் மோதும்போது காப்பாற்றுவது, விளிம்பு சற்றே உயர்ந்த பேக் கேஸ். விரிசல் விட்ட கிளாஸை உடனே மாற்றுங்கள், பொடிச்சில் கட்டைவிரலில் ஏறும்.

—

வாங்கும்முன் கைரேகை சென்சார் எந்த வகை என்று பாருங்கள். ஆப்டிகல் (ஒளியால் ரேகையைப் படிப்பது) என்றால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அல்ட்ராசானிக் (மீயொலியால் படிப்பது) என்றால் நடுவில் காற்று இடைவெளி இருக்கவே கூடாது. ஓரத்தில் மட்டும் பசையுள்ள கிளாஸ் வேலைக்கு ஆகாது. அதில் டச்சும் இடையிடையே தவறும். முழுப்பசை கிளாஸோ, டிபியு என்னும் வளையும் பிளாஸ்டிக் பிலிமோ ஒட்டி, ரேகையைப் புதிதாகப் பதியுங்கள். அதற்காக எதையாவது மேலே போர்த்திப் பதியக்கூடாது. 2019-இல் கேலக்ஸி எஸ்10 போனில் திரையை மூடும் சில சிலிகோன் உறைகளின் உள்பக்க வடிவத்தையே சென்சார் ரேகையாக எடுத்துக்கொண்டு, யார் விரல் வைத்தாலும் திறந்தது. சாம்சங் மென்பொருள் திருத்தம் விட வேண்டியதாயிற்று.

மடக்கு போனில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிலிமை நீங்களே உரிக்காதீர்கள்.

—

வளைந்த டிஸ்பிளேக்குக் கடையில் யூவி கிளாஸ் என்பார்கள், திரவப் பசை ஊற்றி யூவி விளக்கால் இறுக வைப்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பசை இயர்பீஸ் வலையிலும் பக்கப் பட்டன்களிலும் இறங்கி இறுகினால் எடுப்பது பெரும்பாடு. போட்டே ஆக வேண்டுமென்றால் போனை அணைத்து, துளைகளை டேப்பால் மூடி, மட்டமான இடத்தில் வையுங்கள். பசை தானாகப் பரவட்டும், அழுத்த வேண்டாம். யூவி விளக்கைச் சில விநாடி காட்டி, வழிந்ததைத் துடைத்த பிறகே முழுதாக இறுகவிடுங்கள். இத்தனை பாடுபடுவதற்கு டிபியு பிலிம் மேல்.

சாதாரண கிளாஸை வீட்டிலேயே ஒட்டலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். வெந்நீர்க் குளியல் முடிந்த குளியலறையில் ஆவி தூசியைப் படிய வைத்திருக்கும், அங்கே ஒட்டுவது நல்லது. ஆல்கஹால் துணி, பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர், கடைசியாகத் தூசி ஸ்டிக்கர். இயர்பீஸ் பக்கம் பொருத்திப் பிடித்து, நடுவில் ஒருமுறை தொட்டால் பசை தானே ஓடும். காற்றுக்குமிழி அழுத்தினால் நகரும். நகராமல் நடுவில் புள்ளி தெரிந்தால் தூசி. அதற்கு அருகிலுள்ள மூலையை டேப்பால் தூக்கி, இன்னொரு டேப்பைப் பசைப்பக்கம் ஒற்றித் தூசியை எடுத்துவிட்டு மெதுவாக இறக்குங்கள். விரல் மட்டும் பசையில் படக்கூடாது, அந்தத் தடம் போகாது.