இதயத் தசையிலும் சூரியத் தகட்டிலும் ஒரே சந்தியா?

மல்லேஸ்வரம் வாசி: எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சூரியத் தகடுகள் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே இருவகைச் சிலிக்கான் கூடும் இடமான பி-என் சந்தி மின்னணுக்களை ஒரு பக்கமாகச் செலுத்துகிறது. இதய உயிரணுக்களிடையே மின்துடிப்பைக் கடத்தும் இடைவெளிச் சந்தியும் அதே வேலையைத்தானே செய்கிறது? 1954இல் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தைச் செய்வதற்கு எத்தனையோ காலம் முன்பே இயற்கை அதைச் செய்துவிட்டது.

அல்சூர் ஆசிரியை: இல்லை ஐயா. இடைவெளிச் சந்தி ஒரு திறந்த வழி. ஆறு கனெக்ஸின் புரதங்கள் சேர்ந்து பாதி வழி. அடுத்த உயிரணுவின் பாதியோடு பொருந்தினால் முழு வழி. அயனிகளோடு, ஏறத்தாழ 1000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரையுள்ள சிறு மூலக்கூறுகளும் அதில் இருபுறமும் போய்வரும். சிலிக்கானில் அப்படி வழியே கிடையாது. பாஸ்பரஸ் கலந்த பக்கத்திலிருந்து போரான் கலந்த பக்கத்துக்கு மின்னணுக்கள் பரவுகின்றன. அதனால் எழும் மின்புலமே மேற்கொண்டு பரவுவதைத் தடுக்கிறது.

மல்லேஸ்வரம் வாசி: இருபுறமும் என்று அடித்துச் சொல்லாதீர்கள், அம்மா. கிரேஃபிஷ் என்னும் நன்னீர் உயிரியின் நரம்புச் சந்தியில் மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே எளிதாகச் செல்வதை 1959இல் பர்ஷ்பான், பாட்டர் என்னும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பி-என் சந்தி கொண்ட டையோடு வேறென்ன செய்கிறது?

அல்சூர் ஆசிரியை: அது கனெக்ஸின் இல்லாத உயிரி. இதயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டு ஓடைக்குள் இறங்கினால் எப்படி?

ஒயிட்ஃபீல்ட் குமரன்: ஒப்பிட வேண்டியது உயிரணுச் சவ்வை. பொட்டாசியம் உள்ளே லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே 4 அல்லது 5. அது வெளியேற முயலும்போது எழும் மின்னழுத்தமே அதைத் தடுத்து நிறுத்துகிறது. செறிவில் பத்து மடங்கு வேறுபாட்டுக்குச் சுமார் 60 மில்லிவோல்ட். சிலிக்கான் சந்திக்கும் அதே மடக்கைச் சூத்திரம்தான். அங்கே செறிவு விகிதம் மிகப் பெரியது, அதனால் 0.7 வோல்ட் அளவுக்கு வருகிறது.

அல்சூர் ஆசிரியை: சூத்திரம் சரிதான் தம்பி. ஆனால் அந்தச் செறிவு வேறுபாட்டைக் காக்கச் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் எக்கி ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. சிலிக்கானில் கலந்த அணுக்கள் படிகத்தில் நகராமல் நிற்பதால், இருட்டிலும் புலம் செலவில்லாமல் நிலைக்கிறது. ஒளி தருவது மின்னணு-துளை (மின்னணு விட்டுச்சென்ற காலியிடம்) இணைகளை மட்டுமே. அவற்றைப் புலம் பிரிக்கிறது.

ஒயிட்ஃபீல்ட் குமரன்: கடைசி வரியை நான் ஏற்கவில்லை. ஒரு முனை மின்னணுவையும் மறுமுனை துளையையும் மட்டும் எளிதில் விடுவதால்தான் அவை பிரிகின்றன, புலம் அதற்குக் கட்டாயமில்லை என்று வாதிடும் இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுப்பது சவ்வின் வேலையும்தானே?