கமாவும் சேர்ந்து சாயணுமா? மாட்டிக்கிட்டவங்க வாங்க

கமாகந்தன்:
சென்னைல ஒரு டைப்செட்டிங் கம்பெனில காபி எடிட்டரா சேர்ந்த புதுசு. வெளிநாட்டு பப்ளிஷரோட இங்கிலீஷ் புக், ராப்பகலா பாத்து அனுப்பிட்டு நிம்மதியா தூங்கினேன், ரெண்டே நாள்ல திரும்பி வந்துச்சு. பக்கம் பூரா சிவப்பு வட்டம், உள்ள பாத்தா எல்லாமே கமா! இட்டாலிக்ல, அதாவது சாய்ஞ்ச எழுத்துல, வார்த்தை வர்ற இடத்துல எல்லாம் அடுத்து இருந்த கமாவையும் சேத்து செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஐ அடிச்சு வெச்சிருந்தேன், பாக்க அழகா இருக்கேன்னு. டீம் லீடர் அக்கா கூப்பிட்டு, "வார்த்தையைத்தான்டா ஆத்தர் அழுத்திச் சொல்றாரு, கமா வாக்கியத்தோடது, அது ஏன் சாயணும்"னாங்க. பப்ளிஷருங்க பாக்குற சிகாகோ மேனுவல்னு அமெரிக்க ஸ்டைல் கைடு இருக்கே, அதோட ரூலும் அதான். இட்டாலிக்லயாவது உத்துப் பாத்தாதான் தெரியும், போல்டுல, அதான் தடிச்ச எழுத்துல, அதே தப்பைப் பண்ணா கமா கருவண்டு மாதிரி உக்காந்திருக்கும்.

பழைய ப்ரூஃப்:
தம்பி நீங்க லேட்டா பொறந்துட்டீங்க, அவ்ளோதான். 1993ல வந்த 14வது எடிஷன் வரைக்கும் முன்னாடி இருக்கிற வார்த்தை எப்படியோ கமாவும் புள்ளியும் அப்படியேன்னுதான் சிகாகோவே சொல்லிச்சு. கை அதுலயே பழகிப்போச்சு. 2003ல 15வது வந்து தலைகீழா மாத்திட்டாங்க, நான் மாசக்கணக்கா ஒரு பக்கத்துல பழைய ரூல் அடுத்த பக்கத்துல புது ரூல்னு பண்ணி திட்டு வாங்கினேன். என் கண்ணுக்கு இன்னமும் பழசுதான் அழகு.

டெக்ஸ்ராணி:
அண்ணே அழகை விடுங்க, எனக்கு இடிச்சே போச்சு. மேத்ஸ் பேப்பர், கமாண்டு அடிச்சு பக்கம் அமைக்கிற லேடெக் சாஃப்ட்வேர். அடைப்புக்குறிக்குள்ள ஒரு வார்த்தை இட்டாலிக், கடைசி எழுத்து எஃப். அதோட தலை வலது பக்கம் நீட்டிக்கிட்டு நேரா நிக்கிற அடைப்புக்குறில போய் முட்டுது. பழைய இட்டாலிக் கமாண்டு போட்டிருந்தேன், அதுல சாய்ஞ்ச எழுத்து இடிக்காம விடுற சின்ன இடைவெளியை, அதாவது இட்டாலிக் கரெக்‌ஷனை நாமளே கைல போடணும், எனக்கு அப்ப அது தெரியாது. எம்ஃப்னு இன்னொரு இட்டாலிக் கமாண்டு இருக்கு, அதுல அந்த இடைவெளி தானா விழுந்துடும். ஆனா அடுத்து புள்ளியோ கமாவோ வந்தா விழாது, அதுங்க கீழ உக்காந்திருக்கு, எஃப் தலை எங்க போய் இடிக்கும்? யோசிச்சு வெச்சிருக்கான் பாருங்க.

கேள்விக்குறி:
என் கதை வேற. 1943ல நியூயார்க் ப்ராட்வே மேடையில வந்த 'ஓக்லஹோமா!'ங்கிற பாட்டு நாடகத்துக்கு பேர்லயே ஆச்சரியக்குறி உண்டு, நாடகப் பேரை இட்டாலிக்ல போடுறதால பேரோட அதுவும் இட்டாலிக். ஆத்தர் அந்தப் பேர்ல முடியுற மாதிரி ஒரு கேள்வி எழுதிட்டாரு. இப்ப சாய்ஞ்ச ஆச்சரியக்குறி, ஒட்டி நேரா ஒரு கேள்விக்குறி. ரூல் படி கரெக்ட், பாத்தா யாரோ அடிச்சுட்டு அழிக்க மறந்த மாதிரி இருக்கு. ரெண்டையும் அப்படியே விடலாமான்னு ஆத்தர்கிட்ட கேட்டு க்வெரி போட்டேன், அவரு ஒரு பதில், நான் ஒரு பதில்னு நாலு மெயில் போச்சு. அஞ்சாவதுல, அந்த வாக்கியத்தையே தூக்கிடுங்கன்னுட்டாரு.