லூர்துப் பயணம்: குடும்பக் குழு

ஓகஸ்ட் 2

அண்ணா (பாரிஸ்): ரூட் போட்டாச்சு. பாரிஸ், துலூஸ், அன்டோரா, பார்சலோனா, சரகோசா, லூர்து. 15ஆம் திகதி மாதா திருநாளுக்கு லூர்தில நிக்கவேணும். பெரியம்மா போட்ட ஒரே கண்டிஷன் அதுதான்.

அக்கா (யாழ்ப்பாணம், பெரியம்மாவின்ர மகள்): இஞ்ச மடு மாதா கோயிலிலயும் அண்டைக்குத்தானே திருநாள். அம்மா ஒவ்வொரு வருஷமும் மடுவுக்குப் போறவ. இந்தமுறை லூர்தில நிக்கிறா எண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா.

சித்தப்பா (லண்டன்): அன்டோராவில சென்ட், பெற்றோல் எல்லாம் மலிவு. வரியே 4.5 வீதம்தான். எனக்கு ஒரு சென்ட் போத்தில் எடுத்து வையடா.

நான்: அண்ணா, பெரியம்மாவின்ர விசா சிங்கிள் என்ட்ரியோ, மல்டிபிளோ?

அண்ணா (பாரிஸ்): ஏன்? பிரான்சுக்குள்ளயும் ஸ்பெயினுக்குள்ளயும்தானே ஓடப்போறம்.

நான்: அன்டோரா ரெண்டுக்கும் நடுவில தனி நாடு. ஷெங்கன், அதான் ஒரே விசாவில சுத்திற ஐரோப்பிய நாட்டுக் கூட்டு, அதில இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலயும் இல்லை. காசு மட்டும்தான் யூரோ. உள்ள போனா ஷெங்கனை விட்டு வெளிய போனதாத்தான் கணக்கு. திரும்பி வர இன்னொரு என்ட்ரி வேணும். அங்க ஏர்போர்ட்டும் இல்லை, ரயிலும் இல்லை. பிரான்ஸ் இல்லாட்டி ஸ்பெயின் வழியாத்தான் வெளிய வரலாம்.

அண்ணி: பாஸ்போட்டை எடுத்துப் பாத்தன். விசாவில 01 எண்டு கிடக்கு.

நான்: அப்ப சிங்கிள். முடிஞ்சுது கதை.

சித்தப்பா (லண்டன்): உதெல்லாம் ஆர் பாக்கினம்? நாங்கள் போன நேரம் ஒருத்தரும் மறிக்கேல்லை.

நான்: சித்தப்பா, உங்களிட்ட இருக்கிறது பிரிட்டிஷ் பாஸ்போட். அன்டோரா எல்லையில, பாஸ் தெ லா காஸாவில பிரெஞ்சுச் சுங்கம் சிகரெட் பெட்டி தேடி மறிக்கிறவை. மறிச்சா பேப்பரும் கேப்பினம்.

அக்கா (யாழ்ப்பாணம்): தயவு செய்து அம்மாவை எங்கயும் மாட்டி விட்டிடாதேங்கோ. பேந்து விசாவே குடுக்கமாட்டாங்கள்.

பெரியம்மா: குரல் பதிவு 0:48

அண்ணி: கேக்காத ஆக்களுக்கு: "எனக்கு உந்த அன்டோராவும் வேண்டாம், சென்டும் வேண்டாம். மாதாவிட்டக் கொண்டுபோய் விட்டாக் காணும்." மிச்சம் முழுக்க சித்தப்பாவுக்குப் பேச்சு.

அண்ணா (பாரிஸ்): ஹோட்டலைக் கான்சல் பண்ணுறன், காசு திரும்பி வரும். ஆனா மலை பாக்காமல் கரையோர ஒத்தோரூட்டால (நெடுஞ்சாலையால) போய் என்னத்துக்கு?

நான்: மலை எங்கயும் ஓடேல்லை. துலூஸில இருந்து ஃபுவா, ஆக்ஸ் லே தெர்ம் வரைக்கும் அதே ரோட்டுத்தான். அங்கால அன்டோராவுக்குத் திரும்பாமல் புய்மொரான் சுரங்கத்துக்குள்ள விடுங்கோ. கிட்டத்தட்ட 5 கிலோமீற்றர். வெளிய வந்தா செர்தான் சமவெளி, சுத்திவர மலை. பூர்க் மடாமில எல்லை தாண்டினா புய்ச்செர்தா. பிறகு காதி சுரங்கம், அதுவும் 5 கிலோமீற்றர். அதால வெளிக்கிட்டா ரோட்டு பார்சலோனாப் பக்கம் இறங்கும். எல்லாம் ஷெங்கனுக்குள்ள.

அண்ணா (பாரிஸ்): ரெண்டு சுரங்கத்துக்கும் பியாஜ், ரோட்டுக் காசு கட்டவேணுமே. புய்மொரானுக்கு மேலால ரோட்டு இருக்கெல்லே?

நான்: இருக்கு, 1920 மீற்றர் உயரத்தில. முழுக்க வளைவு. சத்தி எடுத்தா உங்கட கார், நீங்கள்தான் கழுவவேணும்.

அண்ணா (பாரிஸ்): சுரங்கம்.

நான்: மற்றது, புய்ச்செர்தாவுக்குப் பக்கத்தில லிவியா எண்டு ஒரு ஊர். சுத்திவர பிரான்ஸ், நடுவில இது மட்டும் ஸ்பெயின். 1659 ஒப்பந்தத்தில இந்தப் பக்கத்து 33 கிராமங்களைப் பிரான்சுக்குக் குடுக்கவேண்டி வந்தது. லிவியா கிராமமில்லை, நகரம் எண்டு சொல்லி ஸ்பெயின்காரர் அதைத் தங்கட பக்கம் வைச்சுக்கொண்டாங்கள்.

சித்தப்பா (லண்டன்): எங்கட ஊர் எல்லை வேலி வழக்குத் தோத்துது போ.

அண்ணி: சாப்பாட்டைச் சொல்லுங்கோ. ஸ்பெயினில இரவுச் சாப்பாட்டுக் கடை ஒன்பது மணியாகாமல் திறக்காதாம். பெரியம்மா ஏழு மணிக்குச் சீனிக் குளிசை போடுறவ.

நான்: அங்க ஓகஸ்டில வெயில் போகவே ஒன்பது மணியாகும், அதுதான். றைஸ் குக்கர் கொண்டுபோங்கோ அண்ணி. அவசரத்துக்கு "தொர்த்தியா" எண்டு கேளுங்கோ. உருளைக்கிழங்கும் முட்டையும் போட்ட தடிச்ச பொரியல், எந்த நேரமும் கிடைக்கும். பெரியம்மாவுக்குப் பிடிக்கும், உறைப்புத்தான் இராது.

அக்கா (யாழ்ப்பாணம்): கட்டைச் சம்பல் போத்திலில போட்டுக் குடுங்கோ. குளிசைப் பெட்டி டிக்கிக்குள்ள வேண்டாம், வெயிலுக்குக் கெட்டுப்போம்.

ஓகஸ்ட் 7

நான்: அண்ணா, பார்சலோனாவில காரைப் பதிஞ்சிட்டீங்களோ?

அண்ணா (பாரிஸ்): என்னத்தைப் பதியிறது? என்ர கார் புதுசு.

நான்: அங்க புகை கூடின காரை விடாத வலயம் இருக்கு. புதுசெண்டாலும் வெளிநாட்டு நம்பர் எண்டா முதலே பதியவேணும். கிழமை நாளில காலை 7 மணியில இருந்து இரவு 8 மணி மட்டும் கமெரா பாக்கும். இல்லாட்டி தண்டம். சுத்துவட்ட ரோட்டு அதுக்குள்ள வராது. அதால வந்து வெளிய பாக்கிங்கில விட்டிட்டு மெட்ரோ எடுத்தாலும் சரி.

அண்ணா (பாரிஸ்): வெளிய விடுறன். டவுனுக்குள்ள ஓடி அண்ணியிட்டப் பேச்சு வாங்கேலாது.

ஓகஸ்ட் 11

அண்ணி: மொன்செரா வந்திட்டம். கீழ மொனிஸ்ட்ரோலில காரை விட்டிட்டு பல்லுச் சக்கர ரயிலில ஏறினது. மலையா இது, விரலை விரலா நட்டு வைச்ச மாதிரி. மேல கோயிலில மாதா கறுப்பு. பெரியம்மா பாத்த உடன "எங்கட நிறம்" எண்டு சொல்லி அழத் தொடங்கிட்டா.

அக்கா (யாழ்ப்பாணம்): கிட்டப் போக விட்டவையோ?

அண்ணி: முதலே பதிஞ்சபடியா விட்டவை. கண்ணாடிக்குள்ளதான் இருக்கிறா. கையில இருக்கிற உருண்டை மட்டும் வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது, அதைத் தொட்டுக் கும்பிடலாம். பெரியம்மா தொட்ட கையை விடேல்லை. பின்னால வரிசை.

ஓகஸ்ட் 12

அண்ணா (பாரிஸ்): சக்ராடா ஃபமிலியா கோயில். பின்னேரம் போகச் சொன்னது நல்லதாப் போச்சு. மேற்குப் பக்கக் கண்ணாடியால சிவப்பும் செம்மஞ்சளுமா வெளிச்சம் இறங்குது, கிழக்குப் பக்கம் நீலம். 1882இல தொடங்கின வேலையாம். அதைக் கட்டின கலைஞர் கவுதி 1926இல ட்ராம் அடிச்சுச் செத்துப்போனார். இன்னும் க்ரேன் நிக்குது.

சித்தப்பா (லண்டன்): எங்கட கோயில் ராஜகோபுரத்துக்கு இவ்வளவு காலமா காசு சேர்க்கினம் எண்டு இனி ஒருத்தரும் குறை சொல்லக்கூடாது.

ஓகஸ்ட் 13

அண்ணா (பாரிஸ்): சித்தப்பா, சரகோசா போற ஒத்தோரூட்டுக்கு மேல பெரிய வளைவு ஒண்டு. உங்கட கிரீனிச் கோடு, பூச்சியப் பாகைக் கோடு, அதாலதான் போகுதாம். பின்சீட்டில ஒருத்தரும் எழும்பேல்லை.

சித்தப்பா (லண்டன்): கோட்டுக்குக் கீழ போயும் நித்திரை கொள்ளுற சனம்.

அண்ணா (பாரிஸ்): இந்த ஏபி 2 ரோட்டுக்கு 2021இல இருந்து பியாஜ் இல்லை. பிரான்சில குடுத்த காசை நினைக்க வயிறு எரியுது. வெளிய 39 பாகை. மரமே இல்லை.

அண்ணி: சரகோசாவில பிலார் பேராலயத்துக்குள்ள சுவரில ரெண்டு குண்டு தொங்குது! 1936 உள்நாட்டுப் போரில கோயிலுக்கு மேல போட்டதாம். வெடிக்கேல்லை. பெரியம்மா அதுக்கு முன்னால கன நேரம் நிண்டவ. பிள்ளையள் என்னெண்டு கேட்டதுக்கு, "எங்கட கோயிலுகளில போட்டது வெடிச்சது" எண்டு மட்டும் சொன்னா.

அக்கா (யாழ்ப்பாணம்): அம்மாவை இரவைக்கு எடுக்கச் சொல்லுங்கோ.

ஓகஸ்ட் 14

நான்: இண்டைக்கு மலை தாண்டிப் பிரான்சுக்குப் போற சோம்போர் ரோட்டு. 2024 செப்டெம்பர் வெள்ளத்தில பிரான்ஸ் பக்கத்தில ஒரு துண்டு அடிச்சுக்கொண்டு போனது. திருத்தித் திறந்தாச்சு, எண்டாலும் வெளிக்கிட முதல் ஒருக்காப் பாருங்கோ.

அண்ணா (பாரிஸ்): பாத்தன், திறந்திருக்கு. இப்ப கன்ஃப்ராங்க் ஸ்டேஷனில நிக்கிறம். நடுக்காட்டில 241 மீற்றர் நீளக் கட்டடம். மாளிகை போல.

நான்: 1928இல திறந்தது. பிரான்சில இருந்து நேர ரயில் வந்தது. 1970இல பிரான்ஸ் பக்கத்தில ஒரு கூட்ஸ் ரயில் தடம் புரண்டு பாலம் உடைஞ்சுது. அதைத் திருப்பிக் கட்டேல்லை. அதோட ரயில் நிண்டது. இப்ப அந்தக் கட்டடத்தை ஹோட்டலாக்கிப் போட்டாங்கள்.

அண்ணி: அந்த ஹோட்டலில ஒரு தேத்தண்ணி விலை பாத்திட்டு வெளிய வந்து எங்கட ஃபிளாஸ்கைத் திறந்தனாங்கள்.

அண்ணா (பாரிஸ்): சோம்போர் சுரங்கம் 8.6 கிலோமீற்றர், காசில்லை. எல்லை உள்ளுக்குள்ளயே போகுது. வெளிய வந்தா ஒரே பச்சையும் மழைப் புகாரும். அந்தப் பக்கம் சட்டி சுட்டது, இந்தப் பக்கம் ஸ்வெற்றர் போட்டாச்சு. பெரியம்மா இது வேற நாடோ எண்டு கேக்கிறா. ஓம், வேற நாடுதான்.

ஓகஸ்ட் 15

அண்ணி: லூர்து. விழுந்தா நிலத்தில விழ இடமில்லை. எங்க பாத்தாலும் எங்கட சனம். சுவிஸ், ஜேர்மனி, நோர்வே எல்லா நம்பர் காரும் நிக்குது. சைவக்காரர்தான் கூட போல, நெத்தியில திருநீறோட. மாதா குகைக் கெபிக்கு முன்னால பெரியம்மா மடுப்பக்கத்து ஆக்களைக் கண்டுபிடிச்சிட்டா. எங்களை மறந்தாச்சு.

அக்கா (யாழ்ப்பாணம்): இரவு ஒன்பது மணி மெழுகுதிரிச் சுற்றுக்கு அம்மாவைத் தனிய விடாதேங்கோ. கையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

அண்ணா (பாரிஸ்): தள்ளுவண்டி எடுத்தாச்சு. ஏறமாட்டன் எண்டு நிண்டவ. வருத்தக்காரர் வண்டியளை எல்லாத்துக்கும் முன்னால விடுகினம் எண்ட உடன ஏறிட்டா.

அண்ணி: பிரச்சினை இப்பதான். மாதா தண்ணிக்கு பெரியம்மா அஞ்சு லீட்டர் கான் நாலு வாங்கிப்போட்டா. ஊருக்குக் கொண்டுபோகவாம்.

நான்: கையில கொண்டுபோக 100 மில்லிதான் விடுவினம். பெட்டிக்குள்ள வைச்சா 20 கிலோ தண்ணியே வந்திடும். பிறகு உடுப்பு?

பெரியம்மா: குரல் பதிவு 0:09

அண்ணி: "உடுப்பை விட்டிட்டுப் போறன்."

அக்கா (யாழ்ப்பாணம்): சின்னப் போத்திலில வாங்கச் சொல்லுங்கோ அண்ணி. இஞ்ச லிஸ்ட் போட்டிருக்கிறன், 43 வீடு.