அப்புச்சி வேட்டியில் விழுந்த சாம்பல்: லிமிடெட் எடிஷன் சுருட்டு அந்த விலை பெறுமா?

வேலந்தாவளத்தான்:
தை மாதம் பங்காளி வீட்டுக் கல்யாணம். பந்தி முடிந்து தோப்பில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தோம். துபாயில் இருக்கிற மச்சான் பையில் இருந்து ஒரு சுருட்டை எடுத்தார். கொஹீபா, கியூபாச் சரக்கு. சாதாரணம் இல்லையாம், லிமிடெட் எடிஷன். சுருட்டைச் சுற்றி ஒட்டுகிற வழக்கமான காகிதப் பட்டைக்குக் கீழே கறுப்பும் தங்கமுமாக இன்னொரு பட்டை, அதில் 2017 என்று போட்டிருந்தது. பெட்டி விலையைச் சொன்னார். அந்தக் காசுக்கு நல்ல கறவை மாடு ஒன்று வாங்கிவிடலாம்.

முதல் மரியாதை அப்புச்சிக்கு. அவருக்கு 86 வயது. அறுபது வருஷமாகச் சந்தையில் கட்டாக வாங்குகிற நாட்டுச் சுருட்டுதான். நாலு இழுப்பு இழுத்தார். "காரம் இருக்குது, மணத்தைக் காணோமே" என்றார். சாம்பல் அரை அங்குலம் கூட நிற்கவில்லை. பொலபொலவென்று கல்யாணத்துக்கு எடுத்த புது வேட்டியில் கொட்டி, நெருப்பும் விழுந்து, மிளகு அளவுக்கு ஓட்டை. "சுருட்டத் தெரியாதவன் சுருட்டினது" என்று சொல்லி, மடியில் இருந்து தன்னுடையதை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டார். மச்சான் முகம் சுண்டிவிட்டது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த விலை இலைக்கா, பட்டைக்கா?

புகைவளையம்:
அப்புச்சி மேல் மரியாதை உண்டு அண்ணா. ஆனால் அறுபது வருஷம் கள் குடித்தவர் கையில் ஒயினைக் கொடுத்தால், புளிப்பு போதவில்லையே என்றுதான் சொல்வார். நானும் கொழிஞ்சாம்பாறைக்காரன்தான். கப்பல் வேலையில் இருந்தபோது பழகிய பழக்கம் இது. மாதத்துக்கு ஒன்று, அவ்வளவுதான்.

இதை வெறும் பட்டை என்று தள்ள முடியாது. கியூபாவின் ஹபானோஸ் நிறுவனம் 2000இல் இந்த லிமிடெட் வரிசையைத் தொடங்கியது. மேலுறைக்குச் செடியின் உச்சிப்பக்கத்து இலையை எடுப்பார்கள். கறுப்புக்கு நெருங்கிய பழுப்பு. அதைக் குறைந்தது இரண்டு வருஷம் பழுக்கப் போடுவார்கள். 2007 முதல் உள்ளே வைக்கிற இலை, அதைக் கட்டுகிற இலை எல்லாமே இரண்டு வருஷம் கிடந்தவை. வழக்கமான பட்டியலில் இல்லாத நீளத்திலும் பருமனிலும் சுருட்டுவார்கள். அந்த வருஷத்தோடு சரி.

உள்ளே இருப்பதும் ஒரே இலை இல்லை. உச்சியில் வருவது லிகேரோ, காரம் அதில்தான். நடுவில் செக்கோ, மணத்துக்கு. அடியில் வோலாடோ, எரிவதற்கு. லிகேரோ மெதுவாக எரியும் என்பதால் அதை நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். முதல் பாகத்தில் ஒரு ருசி, பாதியில் வேறு, முடிவில் வேறு. நாலு இழுப்பில் தீர்ப்புச் சொல்வது, முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு விருந்தைப் பற்றிப் பேசுவது போல.

சாம்பல் கொட்டியதற்குக் காரணம் நம் ஊர்க் காற்று. தை மாதம் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கிற காற்றுக்கு உதடே வெடிக்கிறது, சுருட்டு என்ன செய்யும்? 65இலிருந்து 70 சதவீத ஈரப்பதத்தில் இருக்க வேண்டிய பொருள். மச்சான் அதைச் சூட்கேசில் போட்டுக் கொண்டுவந்திருப்பார்.

மிளகாய்மண்டி:
பட்டையில் வருஷம் போட்டிருக்கிறது, சரி. எத்தனை உருப்படி என்று போட்டிருக்கிறதா? ஆயிரமும் லிமிடெட், பத்து லட்சமும் லிமிடெட். நான் மண்டி வைத்திருப்பவன். "இந்த லோடோடு சரிங்க, அடுத்த லோடு வராது" என்று தினம் நாலு பேரிடம் சொல்கிறேன்.

2022இல் கொஹீபா விலையை உலகம் பூராவும் ஒரேயடியாக ஏற்றினார்கள், ஹாங்காங் விலையை அளவுகோலாக வைத்து. அந்த வருஷம் இலை மாறியதா? மண் மாறியதா? வாங்குகிறவன் மாறினான்.

அப்புறம், லிமிடெட் எடிஷன் என்றால் நம் சித்தூர்க் கள்தான். காலையில் இறக்கியது சாயங்காலம் வேறு சரக்கு, மறுநாள் காடி. அதற்கு எவன் தங்கப் பட்டை ஒட்டினான்?

புகைவளையம்:
எண்ணிக்கைதானே கேட்டீர்கள்? 2006இல் கொஹீபாவின் 40ஆம் ஆண்டுக்கு பெஹிகே என்று ஒன்று போட்டார்கள். 100 பெட்டி, பெட்டிக்கு 40, மொத்தம் 4,000. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அதே பெயரில் 2010இல் வந்த வரிசையில் மெடியோ தியெம்போ என்கிற இலை சேருகிறது. செடியின் உச்சந்தலையில் வரும் இலை. எல்லாச் செடியிலும் வராது. இது வியாபாரி உண்டாக்கிய தட்டுப்பாடு இல்லை, செடி உண்டாக்கியது.

விலை ஏற்றம் எனக்கும் எரிச்சல்தான். அதில் உங்கள் பக்கம்.

பல்டாக்டர்:
சித்தூரில் இருந்து எழுதுகிறேன். இலையின் மணத்தைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது, வாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "சிகரெட் மாதிரி இழுப்பதில்லை டாக்டர், வாயில் வைத்து விடுவதுதான்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை மாதாமாதம் பார்க்கிறேன். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. நாக்கில் உறைக்கிற காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம். நெஞ்சுக்குள் போகாவிட்டாலும் கன்னத்துச் சதை வழியாகவே நிகோடின் ஏறும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கிற அளவு புகையிலை இருக்கலாம்.

இரண்டு வருஷம் பழுக்க வைத்த கதையையும் கேட்டேன். இலையைப் பதப்படுத்தி, குவித்து, நொதிக்க வைக்கும்போது மணம் வருவது உண்மை. புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் உருவாவதும் அதே கட்டங்களில்தான். தங்கப் பட்டை பார்த்து அவை ஒதுங்கிப் போவதில்லை.

திருவனந்தபுரத்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2005இல் வெளிவந்தது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததிலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது. வெறும் டார்ச்சு வெளிச்சம். அப்புச்சியை ஒருநாள் கூட்டி வாருங்கள், காசு வேண்டாம்.

நகரிக்காரன்:
டாக்டர், எந்தச் சித்தூர்? பாலக்காட்டுச் சித்தூரா, எங்கள் ஆந்திரச் சித்தூரா? ஆந்திரா என்றால் நானே வருகிறேன், கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது.

பல்டாக்டர்:
பாலக்காடுதான். ஆடுகிற பல்லோடு இவ்வளவு தூரம் வர வேண்டாம், அங்கேயே யாரிடமாவது காட்டிவிடுங்கள். உங்கள் மாநிலத்தில் சுட்டா என்கிற நாட்டுச் சுருட்டைத் தலைகீழாக, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக் குடிக்கிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள். அண்ணத்தில் புற்று வருவதைப் படிக்க மாணவர்களுக்கு அந்தப் படங்களைத்தான் காட்டுவார்கள்.

நகரிக்காரன்:
அது ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம். அதிகமும் பெண்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம். நகரியில் அப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் சொல்ல வந்தது வேறு. கியூபா மண், கியூபா மண் என்கிறீர்களே, கோதாவரியில் ஆற்றுக்கு நடுவே இருக்கிற லங்கை என்கிற தீவுகளில் வெள்ளம் வடிந்த வண்டலில் விளைகிற லங்கப் புகையிலை இருக்கிறது. சுட்டாவுக்கென்றே வளர்ப்பது. மத்திய அரசு 1947இல் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தை ராஜமுந்திரியில் வைத்தது சும்மா இல்லை. உங்கள் பக்கம் திண்டுக்கல் வேடசந்தூரில் அதற்குக் கிளை உண்டு. திருச்சிச் சுருட்டு கப்பலேறி லண்டனுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் செரூட் என்றது நம் சுருட்டைத்தான். போர்ச்சுகீசியர் சாருத்தோ என்கிறார்கள், அதுவும் இதுவே. இன்றைக்கும் பிரேசிலில் விலை உயர்ந்த சுருட்டுக் கடைக்குப் போனால் நம் வார்த்தையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பெயர் கொடுத்தது நாம், விலை வைத்தது அவர்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான்.

புகைவளையம்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருச்சிச் சுருட்டு இரண்டு முனையும் வெட்டியது, அப்படியே பற்ற வைக்கலாம். ஹவானாச் சுருட்டுக்குத் தலையில் ஒரு தொப்பி இலை ஒட்டியிருக்கும், அதை நறுக்கித்தான் குடிக்க வேண்டும். வேறு வேறு கைவேலை. எது உசத்தி என்று நான் சொல்லவில்லை.

மிளகாய்மண்டி:
முதல் பதிவில் கள், ஒயின் என்று சொன்னவர் நீங்கள்தான்.

பீடித்தட்டு:
என் அம்மா பீடி சுற்றியவர். எனக்கு வேலை கண்ணூரில். அங்கே பழைய ஆட்கள் ஒன்று சொல்வார்கள். சுற்றுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒருவர் பேப்பரும் புத்தகமும் உரக்கப் படிப்பாராம். படிக்கிறவருடைய பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்களாம். 1969இல் கூட்டுறவாகத் தொடங்கிய தினேஷ் பீடியில் வேலை செய்தவர்கள் இன்றும் அரசியல் பேசினால் நாம் வாயைத் திறக்க முடியாது. ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இதே வழக்கம். மான்டிகிறிஸ்டோ என்கிற சுருட்டுப் பெயரே, படித்துக் காட்டிய நாவலில் இருந்து வந்ததுதான்.

சண்டை நடுவில் இது எதற்கு என்று கேட்காதீர்கள், ஞாபகம் வந்தது. இன்னொன்று, கல்யாணப் பந்தல் பக்கம் பற்ற வைக்கிறவர்களுக்கு: பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. நாடு முழுவதுக்கும் தடை வந்தது 2008 அக்டோபர் 2.

வேலந்தாவளத்தான்:
தோப்பு எங்களுடையது தம்பி. பொது இடம் இல்லை.

சரி, மச்சான் ஊருக்குப் போகும்போது மிச்சத்தைப் பெட்டியோடு என்னிடமே கொடுத்துவிட்டார். காற்றுதான் காரணம் என்றால் மழைக்காலம் வரை எப்படிப் பாதுகாப்பது? எனக்காக இல்லை, அடுத்த முறை வரும்போது கேட்பார்.

புகைவளையம்:
ஒரு ஈரமானி வாங்குங்கள். வாங்கியதும் நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். சோடா மூடி ஒன்றில் கல் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி ஐந்து குறைவாகச் சொல்கிறது என்று அர்த்தம். உப்பு தண்ணீராகக் கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும்.

பெட்டிக்குள் செடார் மரப் பலகை நல்லது. ஆடி மாதம் வெள்ளையாகப் பூத்தால் பூஞ்சை. சிலர் அதைப் பழுத்ததற்கு அடையாளம் என்பார்கள், நம்பாதீர்கள்.

மிளகாய்மண்டி:
இதில் ஒன்று என் தொழில், சொல்லிவிடுகிறேன். ஈரத்தை விடப் பெரிய எதிரி வண்டு. பழுப்பு நிறம், எள் அளவுதான் இருக்கும், குனிந்த தலை. மஞ்சள் மூட்டையிலும் மல்லியிலும் வற்றலிலும் ஊசி ஓட்டை போடுகிறதே, அதே வண்டுதான் சுருட்டிலும் விழும். அதற்குப் பெயரே சிகரெட் வண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு முட்டை எல்லாம் பொரித்துவிடும். நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் உறைபெட்டியில் வையுங்கள், அப்புறம் ஒரு நாள் சாதாரண ஃபிரிட்ஜ், பிறகு வெளியே. நேராக வெயிலுக்குக் கொண்டுவந்தால் மேல் இலை வெடிக்கும்.

மாட்டு விலை கொடுத்த பண்டம், வண்டுக்குப் போக வேண்டாம்.

வேலந்தாவளத்தான்:
இரண்டு பேர் சொன்னதையும் செய்யலாம் என்று பெட்டியைத் திறந்தேன். 25இல் 21 மீதி. கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் நன்றாகத்தான் தெரிந்தது. கையில் எடுத்தால் ஒன்று கெட்டி, ஒன்று பஞ்சு. வண்டு இருக்கிறதா என்று பார்க்க அப்புச்சி ஒன்றைப் பாக்குவெட்டியால் நீளவாக்கில் பிளந்தார். வண்டு இல்லை. ஆனால் உள்ளே முழு இலையையே காணோம். தூளும் துண்டும் காம்பும், கடையில் கூட்டி அள்ளியது மாதிரி. "இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

புகைவளையம்:
அண்ணா, ஒரு நிமிஷம். கண்ணாடி மூடியா? 25ஆ?

2017 கொஹீபா லிமிடெட் என்றால் டாலிஸ்மான். அது பத்து உருப்படிப் பெட்டியில்தான் வந்தது. கண்ணாடி மூடி போட்ட கொஹீபா என்று ஒன்றே கிடையாது, அது போலிக்காரர்களின் கைவேலை. பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மரத்தில் சுட்ட எழுத்து, முழுக்கக் கையால் செய்தது என்று ஸ்பானிஷில் இருக்க வேண்டும். பக்கத்தில் தொழிற்சாலைக் குறியும் மாதமும் வருஷமும் மையில் குத்தியிருக்க வேண்டும்.

வேலந்தாவளத்தான்:
அடியில் ஒன்றும் இல்லை. விலைச் சீட்டைக் கிழித்த பசை மட்டும் இருக்கிறது.

மிளகாய்மண்டி:
மூன்று நாளாகக் கணவாய்க் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தீர்களே புகைவளையம்.

புகைவளையம்:
தப்பு என்னுடையதுதான். முழு இலை வைத்துச் சுருட்டியது என்றால் காய்ந்தாலும் சாம்பல் ஓரளவு நிற்கும், மேலே வெடிக்குமே தவிரப் பொலபொலக்காது. சாம்பல் பொலபொலவென்று கொட்டியதை அண்ணன் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், நான்தான் பட்டையில் இருந்த வருஷத்தைப் படித்துவிட்டுப் பேசினேன். ஆனால் இதை வைத்துக் கியூபாவைத் தோற்கடித்ததாக நினைக்க வேண்டாம். அப்புச்சி குடித்தது கியூபாவே இல்லை.

மிளகாய்மண்டி:
கியூபாவை விடுங்கள். மச்சான் மூன்று சுருட்டை ரசித்துக் குடித்து, மணத்தைப் பற்றிப் பந்தலில் பேசியும் இருப்பார். அந்த ரசனை எங்கிருந்து வந்தது? அதுதான் என் கேள்வி.

புகைவளையம்:
அப்புச்சிக்குத் தெரிந்ததே. நாலு இழுப்பில் கண்டுபிடித்தார். ரசனை இருக்கிறது, பட்டையைப் படிக்காதவரிடம் இருந்தது. அவருக்கு நல்ல டாலிஸ்மான் ஒன்று நான் தருகிறேன், பட்டையைக் கழற்றிவிட்டு. என்ன சொல்கிறார் என்று இங்கே எழுதுங்கள்.

பல்டாக்டர்:
முதலில் வாயைக் காட்டிவிட்டு.

வேலந்தாவளத்தான்:
செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், சம்மதித்துவிட்டார். டாலிஸ்மான் பற்றிக் கேட்டதற்கு, புது வேட்டி யார் வாங்கித் தருவார் என்று கேட்கிறார். மச்சானிடம் யாரும் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு. பெட்டி மட்டும் நல்ல பெட்டி. கண்ணாடி மூடி இருப்பதால் வெற்றிலை வாடியதா என்று திறக்காமலே பார்க்கலாம் என்று அப்புச்சி எடுத்துக்கொண்டார்.