சர்காசத்தின் ‘ரிசப்டக்கிள்’: பூத்தளமா, கருக்கிளையா, புணரிக்கிளையா?

வணக்கம்.

மன்னார் வளைகுடாப் பழுப்புப் பாசிகளை அடையாளம் காணும் கையேட்டுக்கு, சர்காசம் என்ற பாசிப் பேரினத்தில் இனப்பெருக்கக் குழிகளைத் தாங்கும் சின்னக் கிளையான ‘ரிசப்டக்கிள்’ என்பதைப் பூத்தளம் என்று போடலாம் என யோசனை வந்திருக்கிறது. வேண்டாம். பூத்தளம் பூவின் உறுப்பு. பாசியில் பூவே கிடையாது.

ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கத்தில் சர்காசத்தைக் கட்டக்கோரை என்பார்கள், இன்னொரு பழுப்புப் பாசிப் பேரினமான டர்பினேரியாவைப் பக்கோடாப் பாசி என்பார்கள். பேரினத்தைப் பிரிக்க இந்தப் பெயர்களே போதும். கையேட்டின் தலைப்புகளாகவே அவற்றை வைக்க வேண்டும். சிக்கல் அடுத்த படியில்தான். சர்காசத்தில் மட்டும் 300க்கும் மேற்பட்ட இனங்கள். ஒரே இனத்தின் இலை, அலை மோதும் பாறையில் ஒரு மாதிரி, அமைதியான நீரில் வேறு மாதிரி. ஒரே செடியிலேயே அடி இலை அகலம், நுனி இலை குறுகல். செடியை மிதக்க வைக்கும் காற்றுப்பையை மட்டும் நம்பியும் பயனில்லை. அதனால் இலைக் கக்கத்தில் கொத்தாக வரும் அந்தச் சின்னக் கிளைகளை, அதாவது ரிசப்டக்கிள்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது: உருளையா, தட்டையா, முள் உண்டா, எப்படிக் கிளைக்கிறது?

அதில் ஒன்றைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், ஓரத்தைச் சுற்றிலும் குழிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சிறு துளை வழியாக வெளியே திறக்கும். உள்ளே அண்டம் அல்லது விந்தணு உருவாகும். இந்தக் குழிதான் ‘கான்செப்டக்கிள்’.

கான்செப்டக்கிளுக்குக் கருக்குழி, ரிசப்டக்கிளுக்குக் கருக்கிளை என்ற இணை சொல்ல எளிது. ஆனால் பல இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. விந்தணு மட்டும் உள்ளதைப் போய் எப்படிக் கருக்கிளை என்பது? அதுவும் ஆண் கிளை, பெண் கிளை இரண்டின் வடிவ வேறுபாட்டையே விவரிக்க வேண்டிய இடத்தில்!

அண்டம், விந்தணு இரண்டுக்கும் பொதுப்பெயரான கேமீட்டுக்கு இலங்கைப் பாடநூல்களில் புணரி என்ற சொல் நன்றாகப் பழகியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டால் புணரிக்குழி, புணரிக்கிளை. ஆண் புணரிக்கிளை, பெண் புணரிக்கிளை என்று தடுமாறாமல் எழுதலாம். பழந்தமிழில் புணரி கடலையும் குறிக்கும் என்பதால் குழப்பம் வருமோ என்றால், குழி, கிளை என்று சேர்ந்து வரும்போது வராது.

அப்புறம், இலையை வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும் ‘கிரிப்டோஸ்டோமா’. கையேட்டின் சொற்பட்டியலில் அது நுண்துளை என்று இருக்கிறது. படிப்பவர் நிலத் தாவரங்களில் காற்று போய்வரும் இலைத்துளை என்றே நினைப்பார். மயிரிழைகள் மட்டும் முளைக்கும் மலட்டுக் குழி அது. மயிர்க்குழி என்றே சொல்லலாம், புணரிக்குழிக்கும் இணையாக இருக்கும்.

செடி பாறையைப் பற்றிக்கொள்ளும் அடிப்பகுதிக்குப் பற்றுறுப்பு என்ற சொல் அப்படியே இருக்கட்டும். காற்றுப்பைக்கு, பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் தனிப் பெயர் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.