ஆர்-22 வாயுவை லேசரால் சிதைத்தால் ஃபுளோரின் எங்கே போகும்?

ஏசி மெக்கானிக், கிருஷ்ணகிரி:
பழைய ஏசிகளிலிருந்து இறக்கிய, ஃபுளோரின் கலந்த ஆர்-22 என்னும் குளிர்பதன வாயு கடையில் சிலிண்டர்களில் தேங்கிக் கிடக்கிறது. கார்பன் டைஆக்சைடைவிடச் சுமார் 1,800 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு என்பதால் அதைக் காற்றில் திறந்துவிட மனம் வரவில்லை. லேசர் ஒளியால் இதை உடைக்கலாம் என்கிறார்கள். உலையில் எரிப்பதைவிட அது மேலானதா? உடைந்து வரும் ஃபுளோரின், ஏற்கெனவே ஃபுளோரைடால் அவதிப்படும் நம் பகுதி நிலத்தடி நீரில் போய்ச் சேராதா?

இயற்பியல் ஆசிரியர், தருமபுரி:
உடைக்கலாம். கார்பன் டைஆக்சைடு லேசர் தரும் 9 முதல் 11 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பு ஒளி, கார்பன்–ஃபுளோரின் பிணைப்பின் அதிர்வோடு ஒத்துப்போவதால், ஒரே மூலக்கூறு பல ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) அடுத்தடுத்து விழுங்கிச் சிதைந்துவிடுகிறது. 1970களில் சோவியத் ஆய்வாளர்கள் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடை இப்படி உடைத்து, கந்தகத்தின் ஐசோடோப்புகளையே (எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளையே) பிரித்துக் காட்டினார்கள். வேண்டியதை மட்டும் பொறுக்கி உடைப்பதே அந்த நுட்பத்தின் சிறப்பு. டன் கணக்கில் அழிப்பதற்கு அது ஏற்றதன்று. மேலும், ஆர்-22 சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு கழன்றுபோக, மீந்த துண்டுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டெஃப்லானின் மூலப்பொருளான டெட்ராஃபுளோரோஎத்திலீன் ஆகிவிடுகின்றன. ஃபுளோரின் அப்போதும் கார்பனை விடுவதில்லை. காற்றும் நீராவியும் இல்லாமல் 700 டிகிரிக்குச் சூடாக்கினாலும் நடப்பது பெரும்பாலும் இதுவே.

கழிவுநீர்ப் பொறியாளர், ஓசூர்:
அதனால்தான் உலையில் ஏறத்தாழ 1,200 டிகிரி வெப்பத்தோடு ஆக்சிஜனும் நீராவியும் தேவைப்படுகின்றன. அங்கே ஃபுளோரின் முழுவதும் ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறுகிறது. அதைச் சுண்ணாம்பு நீரில் கழுவினால் கால்சியம் ஃபுளோரைடாகப் படிகிறது. தங்களுடைய அச்சம் நியாயமானது என்பது இந்த இடத்தில்தான் விளங்கும். படிவு நீங்கிய நீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும், கால்சியம் ஃபுளோரைடு சிறிதளவு கரைவதால் லிட்டருக்கு 7, 8 மில்லிகிராம் ஃபுளோரைடு அதில் தங்கிவிடும். குடிநீருக்கு இந்திய உச்சவரம்பு 1.5 மில்லிகிராம்தான். ஒகேனக்கல் திட்டம் காவிரி நீரைக் கொண்டுவந்ததே ஃபுளோரோசிஸை (ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோயை) குறைக்கத்தான் என்றிருக்க, உலையின் கழிவுநீரைப் படிகாரம் போன்றவற்றால் மறுமுறை சுத்திகரிக்காமல் ஏரியில் விடுவது பெருங்கேடு.

ஏசி மெக்கானிக், கிருஷ்ணகிரி:
பிரேசிங் (தீச்சுடரால் குழாய்களைப் பற்றவைத்தல்) செய்யும்போது வாயு கசிந்தால் தீ பச்சையாக மாறி, மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது. அதுவும் இந்தச் சிதைவுதானா?

கழிவுநீர்ப் பொறியாளர், ஓசூர்:
ஆம், அரைகுறைச் சிதைவு. அந்த நெடியில் ஹைட்ரஜன் ஃபுளோரைடும், சில வேளைகளில் ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவும் இருக்கும். உடனே தீயை அணைத்து வெளியே வந்துவிடுங்கள். சிலிண்டரில் ஆர்-32 போன்ற வேறு குளிர்பதன வாயு எதையும் கலக்காதீர்கள். கலப்பில்லாத ஆர்-22-ஐச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த முடியும். கலந்துவிட்டால் பெரும்பாலும் உலைதான் கதி.